அறுபத்துநான்காம் இலக்கத்தின் முதுகில்

ஓகஸ்ட் பிறந்ததும் எங்கள் அலுவலகத்தின் சாப்பாட்டறைக்குள் ஒரு துக்கம் வந்து குந்திக்கொள்ளும். ஒருவரும் சாகவில்லை, ஒருவருக்கும் வேலை போகவில்லை. இன்னும் தொடங்காத ஒரு விளையாட்டுப் பருவத்தில், இன்னும் ஆடாத ஆட்டங்களில், தாங்கள் படித்த பல்கலைக்கழகத்தின் அணி தோற்றுவிடுமோ என்கிற துக்கம் அது. ஊரில் கரப்பந்தாட்டம் முடிந்த பிறகு சண்டை பிடித்தவர்களை எனக்குத் தெரியும். ஆட்டத்துக்கு இன்னும் கிழமைக்கணக்கில் இருக்கும்போதே பாணைக் கடித்தபடி பெருமூச்சு விடுகிற மனிதர்களை இங்கே வந்துதான் கண்டேன். நாளைக்கு என்ன நடக்கும் என்று தெரியாத இடத்தில் வளர்ந்தவனுக்கு, அடுத்த மாதத்துக் கவலையை இந்த மாதமே எடுத்து வைத்துக்கொள்ளும் பழக்கம் வெகுகாலம் ஒரு சொகுசாகவே தெரிந்தது.

அந்தத் துக்கத்தின் தலைவர் கேரி. கனடாவில், ஸ்காபரோ என்ற பகுதியில், லிப்ட்டுகளுக்கான உதிரிப்பாகங்கள் செய்யும் சின்னக் கம்பனி எங்களுடையது. நான் வரைபடம் கீறுகிறவன். கேரி பொருட்களை அனுப்பும் பகுதியைப் பார்க்கிறவர். ஓய்வுபெறும் வயது கிட்ட வந்துவிட்டது. ஆனாலும் இளமையில் படித்த பல்கலைக்கழகத்தின் தொப்பியைக் கோடை முழுவதும் கழற்றமாட்டார். வருடங்களுக்கு முன்னர், நான் அங்கே புதிதாகச் சேர்ந்திருந்த நாட்களில், ஒரு மத்தியானம் அவர் என்னிடம் முகம் வாடி, "எங்கள் ஒஃபென்ஸை நினைத்தால் எனக்கு நித்திரை வருவதில்லை" என்றார். அந்தச் சொல்லை அதற்கு முன் நான் ஒரேயோர் இடத்தில்தான் கேட்டிருந்தேன். என் அகதி விசாரணையில், ஏதாவது ஒஃபென்ஸ் செய்திருக்கிறீரா என்று கேட்டார்கள். குற்றம் என்று அர்த்தம். பாவம், இந்த மனுசன் ஏதோ வழக்கில் மாட்டுப்பட்டுவிட்டார் என்று நினைத்து, குரலைத் தாழ்த்தி, நல்ல வழக்கறிஞர் யாராவது இருக்கிறாரா என்று விசாரித்தேன். கேரி மேசையில் அடித்துச் சிரித்தார். இன்றைக்கும் அணி தோற்றால், "நேதனிடம் சொல்லுங்கள், வழக்கறிஞர் பிடித்துத் தருவான்" என்று என்னைக் காட்டி எல்லோருக்கும் கேட்கச் சொல்லுவார்.

இப்போது எனக்கு அந்தச் சொல்லின் இந்த நாட்டு அர்த்தம் தெரியும். பெயர்தான் ஃபுட்போல், உதைபந்தாட்டம் இல்லை. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு முன்னேற வேண்டியவர்கள் ஒஃபென்ஸ். அவர்களில் பந்தை எறிகிற பெடியன் குவாட்டர்பாக். அவனுக்கு முன்னால் மலைபோல ஐந்து பெடியன்கள் குனிந்து நிற்பார்கள். அவர்கள் பந்தைத் தொடுவதே இல்லை. எதிரே பாய்ந்து வருகிறவர்களைத் தங்கள் உடம்பால் மறிப்பதுதான் வேலை. தாக்குகிற பக்கம் என்று பெயர், ஆனால் அதில் இந்த ஐந்து பேரும் காக்கிறவர்கள். ஐந்து பேரில் இடது ஓரத்தில் நிற்பவனை லெஃப்ட் டாக்கிள் என்பார்கள். குவாட்டர்பாக் வலது கைக்காரனென்றால் எறியும்போது அவனுடைய முதுகு இடது பக்கம் திரும்பும். அவன் காணாத அந்தப் பக்கத்தை இவன்தான் பார்க்க வேண்டும்.

இந்த ஓகஸ்டில் கேரியின் கவலை நீளமாக இருந்தது. பழைய குவாட்டர்பாக் படிப்பு முடித்துப் போய்விட்டான், வந்திருப்பவன் பதற்றக்காரன். ஓடிப் பந்து பிடிக்கிறவர்களில் நல்லவன் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறிவிட்டான். புதிய பயிற்சியாளரின் திட்டம் ஒருவருக்கும் விளங்கவில்லை. எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு, கோப்பிக் கோப்பையை மேசையில் வைத்தார்.

"அதெல்லாம் பரவாயில்லை, நேதன். இடது ஓரத்தில் நிறுத்தப்போகிறார்களே ஒரு பையன், அறுபத்துநாலாம் இலக்கம், போன ஒக்டோபரில் தலையில் அடிபட்டவன். அவனை நினைத்தால்தான் எனக்குப் பயம்."

"எனக்கும்தான்" என்றேன்.

கேரி என்னைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு கையை நீட்டி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கடைசியில் தனக்கு ஒரு கூட்டாளி கிடைத்துவிட்டான் என்று அவருக்கு மகிழ்ச்சி. அறுபத்துநாலு என்னுடைய மகன் என்பது அவருக்குத் தெரியாது.

தெரியாமல் போனதற்கு எங்கள் பெயர்கள்தான் காரணம். எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை என்பதை வாசிக்கிற உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தகப்பனின் பெயர் பிள்ளைக்கு, பிள்ளையின் பெயர் பேரனுக்கு என்று ஒவ்வொரு தலைமுறையிலும் நகர்ந்துகொண்டே போகும். என் பெயர் தில்லைநாதன், அப்பாவின் பெயர் ஆறுமுகம். ஆகவே கனடாவின் பதிவுகளில் நான் மிஸ்டர் ஆறுமுகம். தில்லை அலுவலகத்தில் ஒருவர் வாயிலும் நுழையாததால் நாதனை மட்டும் எடுத்து நேதன் ஆக்கிக்கொண்டார்கள். மகன் நிருஷன் தில்லைநாதன். என் பெயர் அவனுடைய சட்டையின் முதுகில், ஆங்கில எழுத்துகளில், ஒரு தோளில் தொடங்கி மற்றத் தோள்வரை வளைந்து போகிறது. எனக்கு ஒரு மகன் இருக்கிறான், படிக்கிறான் என்பது கேரிக்குத் தெரியும். ஆறுமுகத்தின் மகன் தில்லைநாதனாக இருப்பான் என்று அவர் எப்படி நினைப்பார்? நானும் சொல்லவில்லை. பெயரை வெளியே காட்டாமல் இருப்பதில் எனக்கு நீண்ட நாள் பயிற்சி உண்டு.

அந்த அணியின் ரசிகர்கள் எழுதும் இணையப் பக்கம் ஒன்றையும் கேரிதான் காட்டித் தந்தார். அதற்குப் பிறகு வேலைக்குப் போகிற பஸ்ஸில் அதைத்தான் வாசித்தேன். மோர்னிங்சைட் தரிப்பில் ஏறிக் குந்தினால் இறங்கும்வரை தலை நிமிரமாட்டேன். யாரோ முகம் தெரியாதவர்கள் என் பெயரைப் போட்டு எழுதியிருந்தார்கள். 'தில்லைநாதனை நம்பலாமா?' என்று ஒரு தலைப்பு. அதற்குக் கீழே, தில்லைநாதன் பலசாலிதான், ஆனால் மெதுவானவன், தண்டவாளத்தில் ஓடும் ஞாயிற்றுக்கிழமை ஸ்ட்ரீட்கார் மாதிரி, வரும் ஆனால் எப்போது என்று சொல்ல ஏலாது என்று ஒருவர். அறிவிப்பாளர் அவனுடைய பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் குவாட்டர்பாக் நிலத்தில் கிடப்பான் என்று இன்னொருவர். தலையில் அடிபட்டவன் பயப்படுவான், பயப்படுகிறவன் யாரையும் காக்கமாட்டான் என்று மூன்றாமவர். அதை வாசித்தபோது பஸ் நான் இறங்கவேண்டிய தரிப்பைத் தாண்டிப் போய்விட்டது. மற்ற இரண்டையும் வீட்டில் என் மனைவி வதனிக்கு வாசித்துக் காட்டினேன். ஸ்ட்ரீட்காருக்கு அவளும் சிரித்தாள். மூன்றாவதை வாசிக்கவில்லை.

அவர்கள் பயந்தது அவன் மறிக்காமல் விட்டுவிடுவானோ என்று. நான் பயந்தது அவன் மறித்துவிடுவானே என்று.

ஒக்டோபரில் அது நடந்தபோது நான் மைதானத்தில் இல்லை. அவனுடைய ஆட்டம் எதற்கும் நான் போனதில்லை. சனிக்கிழமைகளில் ஏதாவது வேலை வைத்துக்கொள்ளுவேன். வதனி மட்டும் குசினி மேசையில் கைத்தொலைபேசியை ஒரு போத்தலில் சாத்திவைத்துப் பார்ப்பாள். அன்று நான் பின்வளவில் இலை கூட்டிக்கொண்டிருந்தேன். அவள் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து நின்றாள். என்னைக் கூப்பிடவில்லை. கையிலிருந்த தொலைபேசியை என் பக்கம் நீட்டிப் பிடித்தபடி நின்றாள், அவ்வளவுதான். அதில் மனிதர்கள் வட்டமாக முழங்காலில் இருந்தார்கள். வட்டத்துக்கு வெளியே இரண்டு சப்பாத்துகள் மட்டும் தெரிந்தன. அந்த அளவில் சப்பாத்து வாங்க நாங்கள் எத்தனை கடை ஏறி இறங்கியிருப்போம்.

ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் இருந்த பெண் என் சாரதி அனுமதிப்பத்திரத்தைப் பார்த்தாள், கணினியைப் பார்த்தாள். நோயாளியின் பெயர் தில்லைநாதன், உங்களுடையது ஆறுமுகம், நீங்கள் அவருக்கு என்ன உறவு என்று மரியாதையாகத்தான் கேட்டாள். தகப்பன் என்றேன். பெயர் ஒத்துவரவில்லையே என்றாள். நான் மேசையைப் பிடித்துக்கொண்டு, "தில்லைநாதன் நான்தான்" என்றேன். அவள் குழம்பிப்போனாள். அப்படியென்றால் அடிபட்டது உங்களுக்கா என்று கேட்டாள். நான் ஓம் என்று சொல்லியிருக்கிறேன். தமிழில் சொன்னதால் அவளுக்கு விளங்கவில்லை. வதனி என்னை ஒதுக்கிவிட்டு முன்னால் வந்து, கொஞ்ச நேரத்தில் எல்லாவற்றையும் சரிசெய்தாள்.

உள்ளே அவன் கட்டிலில் சாய்ந்திருந்தான். காயம் என்று வெளியே ஒன்றும் இல்லை. என்னைக் கண்டதும், "அப்பா, வட்ஸ் த ஸ்கோர்?" என்றான். வதனி பார்த்து வைத்திருந்ததைச் சொன்னேன். தலையாட்டினான். நான் கதிரையை இழுத்து இருப்பதற்குள் திரும்பவும், "அப்பா, வட்ஸ் த ஸ்கோர்?" அதே முகம், அதே குரல், அப்போதுதான் என்னைக் கண்டதுபோல அதே புன்னகை. சொன்னேன். மறுபடியும் கேட்டான். ஒவ்வொரு முறையும் முதல் முறை சொல்வதுபோலவே சொன்னேன். மூளை குலுங்கினால் இப்படி வரும், போய்விடும் என்று டொக்டர் சொன்னார். போயும்விட்டது. ஆனால் என்னை விட்டுப் போகவில்லை. இப்போதும் அவன் ஒரு கேள்வியை இரண்டாந்தரம் கேட்டால் நான் செய்வதை அப்படியே விட்டுவிடுவேன். காதில் பாட்டுக் குழாயைச் செருகிக்கொண்டு, இரவைக்கு என்ன சாப்பாடு என்று கேட்பான், புட்டு என்று தாய் சொன்னது கேட்காமல் திரும்பவும் கேட்பான். நான் இருந்த இடத்திலேயே அசையாமல் அவனைப் பார்ப்பேன். "அப்பா, டோன்ற் லுக் அற் மீ லைக் தற்" என்பான், அப்படிப் பார்க்கவேண்டாமென்று. வசந்தத்தில் டொக்டர்மார் எல்லாச் சோதனையும் செய்து, விளையாடலாம் என்று அனுமதி கொடுத்துவிட்டார்கள். இன்னொரு டொக்டரிடமும் காட்டுவோம் என்று கேட்டேன். அதற்கும் வந்தான். அவரும் அதையே சொன்னார். அதற்குமேல் கேட்க என்னிடம் கேள்வி இருக்கவில்லை, பயம் மட்டும் இருந்தது. இருபது வயதுப் பிள்ளைக்கு வெறும் பயத்தைக் காட்டித் தடை சொல்ல முடியாது.

பருவம் தொடங்குவதற்கு முன் அணியை ஒரே இடத்தில் தங்கவைத்துப் பயிற்சி கொடுப்பார்கள். அதற்கு ட்ரெய்னிங் காம்ப் என்று பெயர். இவனும் பையைக் கட்டிக்கொண்டு போனான். அடுத்த நாள் யாழ்ப்பாணத்திலிருந்து என் தங்கச்சி தொலைபேசி எடுத்தபோது வதனி வழக்கமான சுகம் விசாரிப்புக்கு நடுவில், "நிரு காம்புக்குப் போட்டான்" என்றாள்.  தொடர்பு அறுந்துவிட்டதென்று வதனி இரண்டு தரம் ஹலோ சொன்னாள். பிறகு தங்கச்சியின் குரல் வந்தது.

"மச்சாள், ஆர் கொண்டு போனது?"

வதனி சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டாள். ஒருவரும் கொண்டு போகவில்லை, தானாகத்தான் போனவன், விளையாட்டுக் காம்ப் என்று அவள் சொல்லி முடிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. தானாக ஒருவன் காம்புக்குப் போவானா என்று தங்கச்சி கேட்டாளாம். நான் தொலைபேசியை வாங்கவில்லை. அந்த வீட்டிலிருந்து காம்புக்குப் போனவன் நான்.

அப்போது எனக்கு நிருவின் இப்போதைய வயதுகூட இல்லை. விடியற்காலையில் ஒலிபெருக்கி கட்டிய இராணுவ வாகனம் வந்து எல்லோரையும் பள்ளிக்கூட மைதானத்துக்கு வரச் சொன்னது. வரிசையாக நிலத்தில் இருத்தினார்கள். ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு பெயர்களை வாசித்தார். தமிழ் பழகாத வாயில் எங்கள் பெயர்கள் உடைந்து உடைந்து வந்தன. வாசிக்கப்பட்டவர் உடனே எழும்பி, இருக்கச் சொல்லும்வரை நிற்க வேண்டும். அதுதான் கட்டளை. 'ஆருமுகம் தில்லநாதன்' என்று கேட்டதும் எழும்பினேன். இருக்கச் சொல்லி ஒருவரும் சொல்லவில்லை. நின்ற எங்களைத்தான் ஏற்றிக்கொண்டு போனார்கள். காம்ப் வாசலில் அம்மா நாட்கணக்காகக் காவல் இருந்தா. கடைசியில் விட்டுவிட்டார்கள். திரும்பி வந்தவர்களில் நான் ஒருவன், ஆகவே இதைப் பெரிய கதையாகச் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஒரு பழக்கம் மட்டும் மிஞ்சியது. ஒலிபெருக்கியில் என் பெயர் கேட்டால், காது அதை விளங்கிக்கொள்வதற்கு முதலே முழங்கால் நிமிர்ந்துவிடும். நல்ல காலத்துக்கு இந்த நாட்டில் என்னைக் கூப்பிட வேண்டிய இடங்களிலெல்லாம் என் அப்பாவைக் கூப்பிடுகிறார்கள். வங்கியில், டொக்டரிடத்தில், விமான நிலையத்தில், மிஸ்டர் ஆறுமுகம் என்பார்கள். நான் ஆறுதலாக எழும்பிப் போவேன்.

இதை நான் கேரியிடம் சொல்ல முடியாது. ஆனால் அவர் தெரியாமலே ஒரு நாள் எனக்கு ஆறுதல் சொன்னார். அந்த ஐந்து பேரைப் பற்றிப் பேச்சு வந்தபோது, நல்ல லைன்காரனின் பெயர் ஒருத்தருக்கும் தெரியாது என்றார். அவன் ஒழுங்காக வேலை செய்தால் ஆட்டம் முடியும்வரை அறிவிப்பாளர் அவனைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லமாட்டார். பிழை விட்டால்தான் பெயர் வெளியே வரும், அல்லது அடிபட்டால். எனக்கு அது பிடித்துக்கொண்டது. மகன் போய்ச் சேர்ந்திருப்பது பெயர் வெளியே வராமல் இருப்பதையே திறமை என்று எண்ணும் ஓர் இடத்துக்கு. அவன் என் பிள்ளைதான் என்று அன்றைக்கு நினைத்தேன். முதல் ஆட்டத்துக்குத் தன் பக்கத்து இருக்கை சும்மா இருக்கிறது, வழக்கமாக வருகிறவருக்கு முழங்காலில் ஒப்பரேஷன், நீ வருகிறாயா என்று கேரி கேட்டார். பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

ஆட்டத்துக்கு இரண்டொரு நாள் முன்னர் நிரு காம்பிலிருந்து எடுத்தான். சாப்பாடு, நித்திரை, கால் நோவு என்று தாயுடன் கதைத்துவிட்டு என்னிடம் வந்தான். தான்தான் முதல் அணியில் நிற்கப்போவதாகச் சொன்னான். பிறகு, "அப்பா, சட்டர்டே வாறியளா?" என்றான். நான் ஸ்காபரோவில் மழை என்று சொன்னேன். காரின் பிரேக்கைப் பற்றி ஏதோ சொன்னேன். ஹெல்மெட் இறுக்கமாக இருக்கிறதா என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்றான்.

"அப்பா, சட்டர்டே வாறியளா?"

அதே குரல். அதே சொற்கள்.  வதனி என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கிட்ட வந்தாள்.

"நிரு," என்றேன், "நீ இதை இப்பதானே கேட்டனீ? கேட்டது ஞாபகம் இல்லையா?"

 அவன் மிகவும் பொறுமையாக, ஒவ்வொரு முறையும் முதல் முறை சொல்வதுபோலச் சொல்லும் ஒருவனின் பொறுமையுடன் சொன்னான்.

"ஞாபகம் இருக்கு, அப்பா. நீங்கள் பதில் சொல்லேல்லை. அதான் திரும்பக் கேக்கிறன்."

வாறன் என்றேன். தொலைபேசியை வைத்த பிறகு வதனியையும் வரும்படி கேட்டேன், கேரி இன்னொரு இருக்கை எடுத்துத் தருவார் என்றேன். அவள் கோப்பையைத் துடைத்துக்கொண்டே, "போன முறை நான் தனியப் பாத்தன். இந்த முறை நீங்கள் பாருங்கோ" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

சனிக்கிழமை வெயில் நல்லாக இருந்தது. அலுமினிய வாங்குகள் சுட்டன. எங்களைச் சுற்றி இருந்தவர்களில் பாதிப்பேர் கேரியைப் பெயர் சொல்லி விசாரித்தார்கள். அவர் என்னை நேதன் என்று அறிமுகப்படுத்தி, இவனுக்கும் அறுபத்துநாலைப் பற்றித்தான் கவலை என்று சேர்த்துச் சொன்னார். அவர்கள் என்னைத் தங்களில் ஒருவனாக எடுத்துக்கொண்டு, ஆளுக்கொரு பயத்தைச் சொன்னார்கள். முன் வரிசையில் இருந்த ஒரு வயதான பெண்மணி தன் சோளப்பொரியை என் பக்கம் நீட்டினார். பெயர் வெளியே வராது என்ற நம்பிக்கையில் நான் அதைக் கொறித்தபடி இருந்தேன். வருடத்தின் முதல் ஆட்டத்தில் மட்டும் ஒஃபென்ஸ் முழுவதையும் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி மைதானத்துக்குள் கூப்பிடுவார்கள் என்று கேரி எனக்குச் சொல்லவில்லை. அவருக்கு அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

ஒலிபெருக்கி கரகரத்தது. லெஃப்ட் டாக்கிள் என்றது, இலக்கத்தைச் சொன்னது. அதன் பிறகு தமிழ் பழகாத ஒரு வாய், அந்தப் பழைய மைதானத்தில் உடைந்தது போலவே என் பெயரை உடைத்து உடைத்துச் சொன்னது.

நான் எழும்பி நின்றேன்.

கைகள் இரண்டும் பக்கத்தில் ஒட்டியிருந்தன. நேரே பார்த்தபடி நின்றேன். முதலில் முன் வரிசைப் பெண்மணி திரும்பிப் பார்த்துவிட்டு, ஏதோ மரியாதை என்று எண்ணித் தானும் எழும்பிக் கைதட்டினார். அவரைப் பார்த்து அந்த வரிசை எழும்பியது. கேரி எழும்பவில்லை. கீழே ஓடி வருகிற அறுபத்துநாலின் முதுகையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தில்லை... நேதன்" என்றார் மெதுவாக. "நேதன். அது உன்னுடைய..."

"ஓம்" என்றேன். இந்த முறையும் தமிழில்தான் வந்தது. ஆனால் கேரிக்கு விளங்கியது.

மற்றவர்கள் எல்லோரும் இருந்துவிட்டார்கள். என்னால் இருக்க முடியவில்லை. பின்னாலிருந்து ஒருவன், "சிட் டௌன், மேன்" என்று கத்தினான். ஒரு மைதானத்தில் பெயர் வாசிக்கப்பட்டு நின்ற எனக்கு, இருக்கச் சொல்லி யாரோ சொல்லிவிட்டார்கள். அப்போதும் முழங்கால் மடங்கவில்லை. கேரி தொப்பியைக் கழற்றிக்கொண்டு பின்னால் திரும்பி, "பையனின் அப்பா. நிற்கட்டும்" என்றார். பிறகு தானும் எழும்பி என் பக்கத்தில் நின்றுகொண்டார்.

முதல் பந்து. ஐந்து பேரும் குனிந்தார்கள். பந்து பின்னால் போன கணத்தில் இடது ஓரத்தில் ஒரு மோதல், அந்தச் சத்தம் மேலே எங்களுக்குக் கேட்டது. ஒருவருக்கு மேல் ஒருவராக ஒரு குவியல் விழுந்தது. அடியில் அறுபத்துநாலு. கேரி என் கையைப் பிடித்தார், எதற்குப் பயந்து பிடித்தார் என்று தெரியாது. நடுவர் ஓடிவந்து ஒவ்வொருவராக இழுத்து விலக்கினார். மேலே கிடந்தவன் எழும்பினான். அடுத்தவன் எழும்பினான். கடைசியாக, எங்களுக்கு முதுகு காட்டியபடி, செயற்கைப் புல்லின் கறுப்பு ரப்பர்த் துகள்கள் ஒட்டிய ஒரு வெள்ளைச் சட்டை முழங்காலில் ஊன்றி நிமிர்ந்தது. ஒரு தோளிலிருந்து மற்றத் தோள்வரை என் பெயர் எழும்பி நின்றது.

'எழும்பீட்டான்' என்று வதனிக்கு அனுப்பினேன். அவளும் குசினியில் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பாள். உடனே பதில் வந்தது. 'கண்டனான். நீங்கள் இனி இருங்கோ.'

கீழே அவர்கள் அடுத்த பந்துக்குக் குனிந்துகொண்டிருந்தார்கள். கேரி இருந்துவிட்டார். எனக்கும் இடம் விட்டு, வாங்கில் கையால் தட்டிக் காட்டினார். ஓம், இருக்கிறன் என்று அவருக்குத் தமிழில் சொல்லிவிட்டு, நின்றுகொண்டே இருந்தேன்.